விமானக் கம்பெனிகளின் இணைப்பும் மைய நிலையங்களின் கதியும்

ஆறு தடம் மாறினால் அதன் கரையில் இருந்த பட்டினம் பாழாவதும், புகைவண்டிப் பாதை வேறு வழியே போடப்பட்டால் பழைய சந்தையூர் ஒடுங்குவதும் வரலாற்றில் பலமுறை நிகழ்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றோடு புதிய காரணம் ஒன்றும் சேர்ந்தது. இரண்டு விமானக் கம்பெனிகள் இணைந்து ஒன்றாகும்போது, அவற்றுள் ஒன்று தனக்கு நடுவிடமாகக் கொண்டிருந்த விமான நிலையம் தன் சிறப்பை இழக்கும் நிலை உண்டாயிற்று. ஆறு மாறவில்லை, பாதை பெயரவில்லை, தொலைவிலுள்ள வேறோர் ஊரில் கூடிய இயக்குநர் குழுவின் முடிவே அதற்குப் போதுமானதாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் செயிண்ட் லூயிஸ், மெம்பிஸ், சின்சினாட்டி, கிளீவ்லாண்ட் ஆகிய நான்கு நகரங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

மைய நிலையம் என்பது யாது?

வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருக்கின்றது. அதனின்று நாற்புறமும் ஆரக்கால்கள் செல்கின்றன. வட்டையின் ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குப் போகவேண்டுமாயின், ஓர் ஆரக்கால் வழியே குடத்திற்கு வந்து, மற்றோர் ஆரக்கால் வழியே வெளியே செல்லலாம். விமானக் கம்பெனிகளின் மைய நிலைய முறையும் இத்தகையதே.

இதன் பயனைச் சிறு கணக்கால் உணரலாம். நடுவே ஓர் ஊரும் அதனைச் சுற்றி 20 ஊர்களுமாக 21 ஊர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஊரிலிருந்தும் மற்ற எல்லா ஊர்களுக்கும் நேரே விமானம் விடவேண்டுமாயின் 210 தடங்கள் தேவைப்படும். நடு ஊர் வழியாகவே எல்லாரையும் கொண்டுசெல்வதாயின் 20 தடங்களே போதும். இன்னும் ஓர் ஊரைச் சேர்த்தால், அந்த ஒரு தடத்தாலேயே 21 புதிய ஊர்ச் சேர்க்கைகள் கிடைக்கும். மைய நிலையத்தில் குறித்த வேளையில் பல திசைகளிலிருந்தும் விமானங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கும். பயணிகள் இறங்கி மாறி ஏறுவர். சற்று நேரத்தில் அத்தனை விமானங்களும் மீண்டும் பல திசைகளுக்கும் கிளம்பிவிடும். ஒரு நாளில் இது பலமுறை நடைபெறும்.

ஆகவே, மைய நிலையத்தின் பயணிகள் இரு வகையினர். அவ்வூரிலேயே புறப்படுவோரும் அவ்வூருக்கே வந்து சேர்வோரும் ஒரு வகை. இவர்களை ஊர்ப் பயணிகள் எனலாம். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்குவோர் மற்றொரு வகை. இவர்கள் வழிப் பயணிகள். ஊர்ப் பயணிகள் அந்நகரத்தின் செல்வம். வழிப் பயணிகளோ கம்பெனியின் செல்வம். கம்பெனி எங்கே கொண்டுசெல்கின்றதோ அங்கே அவர்கள் செல்வர். இந்த வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அடிப்படை.

1978-ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்காவில் எந்தக் கம்பெனி எந்தத் தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பவற்றைச் சிவில் விமானப் போக்குவரத்து வாரியம் என்னும் அரசாங்க அமைப்பு நெடுங்காலம் வரையறுத்து வந்தது. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கிற்று. 1984-ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வாரியமும் கலைக்கப்பட்டது.

தடத்தையும் கட்டணத்தையும் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை பெற்ற கம்பெனிகள் மைய நிலைய முறையை விரைவாகப் பரப்பின. நகரங்களும் மைய நிலையம் என்னும் பெருமையை நாடின. கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டிக் கூடங்களும் ஓடுபாதைகளும் கட்டின. ஓடுபாதை ஊருக்குச் சொந்தம். அதில் இறங்கும் விமானமோ கம்பெனிக்குச் சொந்தம். விமானத்தை ஓர் இரவில் வேறிடம் கொண்டுபோகலாம். ஓடுபாதையைக் கொண்டுபோக இயலாது.

செயிண்ட் லூயிஸ்

மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகருக்கு விமான வரலாற்றில் தனி இடம் உண்டு. 1927-ஆம் ஆண்டு நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியே பறந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க், அதற்கு முன்னர் இந்நகரிலிருந்து தபால் விமானம் ஓட்டியவர். அவருடைய விமானம் இந்நகரின் பெயரையே தாங்கியிருந்தது. இங்குள்ள லாம்பர்ட் விமான நிலையத்தில் கட்டடக் கலைஞர் மினோரு யமாசாகி வகுத்தமைத்த வளைகூரைக் கூடம் 1956-இல் திறக்கப்பட்டது. நியூயார்க் உலக வாணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைப் பின்னாளில் அமைத்தவரும் அவரே.

1980-களில் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் என்னும் டி.டபிள்யூ.ஏ. கம்பெனி இந்நிலையத்தைத் தன் முதன்மை மையமாக்கிக்கொண்டது. இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்ட ஓசார்க் கம்பெனியும் இங்கிருந்து பல ஊர்களுக்குப் பறந்து வந்தது. 1986-இல் டி.டபிள்யூ.ஏ. ஓசார்க்கை விலைக்கு வாங்கிற்று. போட்டி ஒழியும் என்று நீதி இலாகா மறுப்புத் தெரிவித்தது; எனினும் அக்காலத்தில் முடிவு செய்யும் அதிகாரம் போக்குவரத்து இலாகாவிடம் இருந்தமையால் இணைப்பு நிறைவேறிற்று. இதன்பின் லாம்பர்ட் நிலையப் பயணிகளுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் ஒரே கம்பெனியின் விமானங்களில் பறந்தனர். முதல் இணைப்பு நகரத்தை உயர்த்தியது போலத் தோன்றிற்று. உண்மையில் அது நகரத்தின் நல்வாழ்வை ஒற்றைக் கம்பெனியின் நலத்தோடு முடிந்துவிட்டது.

அந்தக் கம்பெனியோ வலுவிழந்துகொண்டே வந்தது. 1992, 1995, 2001 ஆகிய ஆண்டுகளில் மும்முறை திவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதனை வாங்கிக்கொண்டது. நகரத்தார் மகிழ்ந்தனர். அமெரிக்கனின் பெரிய மையங்களான சிக்காகோவிலும் டல்லாஸிலும் அப்போது விமான நெரிசல் மிகுதி. அந்நெரிசலைத் தணிக்கச் செயிண்ட் லூயிஸ் உதவும் என்பதே இணைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் லாம்பர்ட் நிலையத்தைப் பயன்படுத்தியோர் 3 கோடிப் பேருக்கு மேல்.

ஐந்து மாதங்களில் நிலைமை தலைகீழாயிற்று. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் அமெரிக்க மக்கள் பறப்பதையே குறைத்துக்கொண்டனர். சிக்காகோவில் நெரிசல் தணிந்தது. நெரிசலைத் தணிக்க வந்த நிலையத்திற்கு வேலையும் இல்லாமற் போயிற்று. சிக்காகோ செயிண்ட் லூயிஸுக்கு ஏறத்தாழ 260 மைல் தொலைவிலேயே இருக்கின்றது. மேற்கே ஓமாகாவிலிருந்து கிழக்கே பாஸ்டனுக்குச் செல்லும் ஒருவரை இவ்விரண்டில் எதன் வழியாகவும் அனுப்பலாம். அவ்வாறிருக்க, இரண்டு மையங்கள் எதற்கு?

மீண்டும் அக்கணக்கை நோக்கினால் கம்பெனியின் எண்ணம் விளங்கும். இரண்டு மையங்களில் தனித்தனியே 20 தடங்கள் இருப்பின், கிடைக்கும் சேர்க்கைகள் 210-உம் 210-உமாக 420. அந்த 40 தடங்களையும் ஒரே மையத்தில் குவித்தால் 820 சேர்க்கைகள் கிடைக்கும். அதே விமானங்கள், ஏறக்குறைய இரு மடங்கு பயன். இணைந்த கம்பெனி அருகருகே உள்ள இரு மையங்களுள் ஒன்றைக் கைவிடத் துணிவதற்கு இக்கணக்கே முதற்காரணம்.

2003-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கன் தன் அன்றாடப் பயணங்களை நானூறுக்கு மேலிருந்து இருநூறு அளவிற்குக் குறைத்தது. 2010-இல் அவை முப்பத்தாறு என்னும் அளவிற்கு வந்து, மையம் என்னும் பெயரும் மறைந்தது.

இதற்கிடையில் 1998-இல் ஒப்புதல் பெற்ற புதிய ஓடுபாதை வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காக அண்டையிலுள்ள பிரிட்ஜ்டன் ஊரில் ஏறத்தாழ 2,000 வீடுகள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. அவ்வூர் நகராட்சி வழக்குத் தொடுத்தும் பயன் இல்லை. 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட அந்த ஓடுபாதை 2006 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, அதனை வேண்டியிருந்த விமானங்களுள் பாதிக்கும் மேல் மறைந்துவிட்டன. வீடிழந்த மக்கள் எந்த நெரிசலுக்காக இடம்பெயர்ந்தனரோ அந்த நெரிசல் திரும்பவே இல்லை.

பணியாளர்களின் பாடு

இணைப்பின் சுமை கட்டடங்களின்மேல் மட்டும் விழவில்லை. விமானத் தொழிலில் பணிமூப்பே எல்லாம். எந்தத் தடத்தில் பறப்பது, எந்நாளில் ஓய்வு பெறுவது, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியேறுவது என்பனவெல்லாம் பணிமூப்புப் பட்டியலைப் பொறுத்தவை. டி.டபிள்யூ.ஏ.யின் விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் புதிய பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டனர். இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களும் நேற்று வந்தவர்களுக்குக் கீழே நிற்க நேர்ந்தது. ஆட்குறைப்பு வந்தபோது அவர்களே முதலில் வேலை இழந்தனர்.

இக்கொடுமை வீண் போகவில்லை. மிசூரி மாநிலத்தின் செனட்டர்கள் கிளேர் மக்காஸ்கில், கிட் பாண்ட் ஆகிய இருவரும் எதிரெதிர்க் கட்சியினராயினும் ஒன்றுபட்டு முயன்றனர். கம்பெனிகள் இணையும்போது பணிமூப்புப் பட்டியல்களை நேர்மையான முறையில் இணைக்க வேண்டும் என்னும் சட்டம் 2007-இல் நிறைவேறிற்று. அது டி.டபிள்யூ.ஏ. ஊழியர்களுக்குப் பயன்படவில்லை, பின்வந்தோருக்குக் காவலாயிற்று.

மெம்பிஸும் சின்சினாட்டியும்

டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரம் ரிபப்ளிக் கம்பெனியின் மையமாக இருந்தது. 1986-இல் ரிபப்ளிக்கை நார்த்வெஸ்ட் வாங்கிற்று. மெம்பிஸ் அப்போது பிழைத்துக்கொண்டது. ஏனெனில் நார்த்வெஸ்டுக்குத் தென்பகுதியில் வேறு மையம் இல்லை. ஒஹாயோ ஆற்றின் தென்கரையில் கென்டக்கி மாநிலத்தில் அமைந்த சின்சினாட்டி விமான நிலையமோ டெல்டா கம்பெனியின் பெரிய மையம். 2005-ஆம் ஆண்டில் 2 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் அதனைப் பயன்படுத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் டெல்டாவும் நார்த்வெஸ்டும் ஒரே நாளில் திவால் மனுச் செய்தன. சின்சினாட்டியின் தேய்வு அன்றே தொடங்கிற்று.

2008 அக்டோபரில் இவ்விரு கம்பெனிகளும் ஒன்றாயின. மைய நிலையம் எதுவும் மூடப்படாது என்று இணைப்பின்போது கூறப்பட்டது. ஆனால் மெம்பிஸுக்கு ஏறத்தாழ 330 மைலில், உலகின் மிகப் பரபரப்பான பயணிகள் நிலையமாகிய அட்லாண்டா, டெல்டாவின் தலைமையிடமாக இருந்தது. சின்சினாட்டிக்கு வடக்கே டெட்ராயிட் இருந்தது. அங்கே 2002-இல்தான் புதிய பெருங்கூடம் திறக்கப்பட்டிருந்தது. எரிபொருள் விலையும் ஏறி நின்றது. ஐம்பது பேர் அமரும் சிறிய ஜெட் விமானங்களால் நட்டமே மிஞ்சிற்று. இவ்விரு மையங்களிலும் மிகுதியாகப் பறந்தவை அத்தகைய விமானங்களே.

முடிவு படிப்படியாக வந்தது. சின்சினாட்டியின் கோமேர் என்னும் துணைக் கம்பெனி 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. மெம்பிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ற விமானம் அதே ஆண்டில் நின்றது. 2013-இல் மெம்பிஸ் மையம் முற்றும் நீக்கப்பட்டது. 2008-இல் ஒரு கோடிப் பயணிகளைக் கண்ட அந்நிலையம் சில ஆண்டுகளில் நாற்பது லட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. சின்சினாட்டி அறுபது லட்சத்திற்கும் கீழே போயிற்று. அங்கே ஆளில்லாத கூடங்களை இடிக்கும் செலவும் நிலையத்தின் தலையிலேயே விழுந்தது.

ஆயினும் மெம்பிஸ் பாழாகவில்லை. அதனைக் காத்தவை இரவில் வரும் விமானங்கள். 1973-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனி 14 சிறு விமானங்களில் 186 பொதிகளோடு தன் பணியை அங்கேதான் தொடங்கிற்று. இன்று அது உலகின் பெருஞ்சரக்கு மையங்களுள் ஒன்று. பயணிகள் விட்டுச் சென்ற இடத்தைப் பொதிகள் ஓரளவு நிரப்பின. சின்சினாட்டியிலும் இதுவே நிகழ்ந்தது. டி.எச்.எல். கம்பெனி 2009-இல் தன் மையத்தை மீண்டும் அங்கே அமைத்தது. அமேசான் கம்பெனி 2021-இல் தன் பெரும் சரக்கு மையத்தைத் திறந்தது.

கிளீவ்லாண்ட் பெற்ற எழுத்து

வாய்மொழி உறுதியை நம்பிய நகரங்களின் அனுபவம் பிறருக்குப் பாடமாயிற்று. 2010-இல் யுனைட்டெட், காண்டினென்டல் கம்பெனிகள் இணைந்தபோது, காண்டினென்டலின் மையமாயிருந்த கிளீவ்லாண்டின் நலனுக்காக ஒஹாயோ மாநிலத் தலைமை வழக்குரைஞர் எழுத்து மூலம் ஓர் உடன்படிக்கை பெற்றார். குறைந்தது இரண்டு ஆண்டுகள் சேவையைப் பெரிதும் குறைப்பதில்லை. அதற்குப் பின் நட்டம் குறித்த எல்லையைக் கடந்தாலொழியக் குறைப்பதில்லை என்பது அதன் சாரம்.

2014 பிப்ரவரியில் யுனைட்டெட், அம்மையம் பத்தாண்டுகளுக்கு மேலாக இலாபம் தரவில்லை என்று அறிவித்து, அன்றாடப் பயணங்களை ஏறத்தாழ இருநூறிலிருந்து எழுபதளவிற்குக் குறைத்தது. 1999-இல் எழுந்த தனிக் கூடம் ஒன்று பூட்டப்பட்டது. உடன்படிக்கை மையத்தை நிலைநிறுத்தவில்லை என்பது உண்மையே. ஆனால் அது சில ஆண்டு அவகாசம் தந்தது. மேலும், பூட்டிய கூடத்திற்கும் 2027 வரை வாடகை செலுத்தும் கடமை குத்தகைப்படி கம்பெனிமீது இருந்தது. செயிண்ட் லூயிஸ் மக்கள் சுமந்ததைப் போன்றதொரு சுமையில் ஒரு பகுதியை, இங்கே கம்பெனியே சுமந்தது.

கட்டணத்தின் மறுபக்கம்

இவ்வரலாற்றை இழப்பின் வரலாறாக மட்டும் கருதுவது பொருந்தாது. மையத்தை ஆள்வது ஒரே கம்பெனியாதலின், ஊர்ப் பயணிகள் அது கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்சினாட்டி தன் பெருமை மிக்க நாட்களில், நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டணம் வாங்கும் நிலையங்களுள் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. அங்குள்ளோர் பலர் மலிவான பயணத்திற்காக நூறு மைல் கார் ஓட்டி வேறு நகரங்களுக்குச் சென்றனர். மையம் குன்றியபின் குறைந்த கட்டணக் கம்பெனிகள் உள்ளே வந்தன, கட்டணம் தாழ்ந்தது, ஊர்ப் பயணிகள் பெருகினர். கிளீவ்லாண்ட் நிலையம் மையத்தை இழந்த ஐந்தாண்டுகளில், 2019-இல், ஒரு கோடிப் பயணிகளைக் கண்டது. இது மையமாயிருந்த இறுதி ஆண்டின் எண்ணிக்கையிலும் மிகுதி.

எனினும் இலாபம் அடைந்தோரும் நட்டம் அடைந்தோரும் ஒருவரல்லர். மலிவான சீட்டு வாங்கியவர் வேறு. வேலை இழந்த பணியாளர் வேறு. வெளிநாட்டுக்கு நேரடி விமானம் இல்லாமையால் தலைமை அலுவலகங்களை ஈர்க்க இயலாது தவித்த நகரத்தாரும் உண்டு. மொத்தக் கணக்கு சரியாயிருப்பதால் தனியொருவரின் இழப்பு ஈடாகிவிடுவதில்லை.

பிழைத்தவை பிழைத்தது ஏன்?

எல்லா இணைப்பும் மையங்களை அழித்துவிடவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்கன் கம்பெனியும் யு.எஸ். ஏர்வேஸும் இணைந்தன. முன்னதாக நீதி இலாகாவும் சில மாநிலங்களும் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சார்லட், ஃபீனிக்ஸ், பிலடெல்பியா முதலிய மையங்களை மூன்றாண்டுகள் காப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அம்மூன்றாண்டுகள் கழிந்தபின்னும் அவை மையங்களாகவே நீடித்தன. சார்லட்டில் வழிப் பயணிகளே மிகுதி. ஆயினும் தென்கிழக்கில் அதன் பணியைச் செய்யக்கூடிய வேறு மையம் அருகில் இல்லை. அங்கே செலவும் குறைவு. ஃபீனிக்ஸ் நகரமோ விரைந்து வளர்ந்து ஊர்ப் பயணிகளைத் தானே பெருக்கிக்கொண்டது.

ஆகவே மைய நிலையத்தின் ஆயுளை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. ஊர்ப் பயணிகள் எத்தனை பேர்? உடன்பிறந்த மையம் எவ்வளவு தொலைவில்? அங்கே விமானம் இறக்குவதற்கு ஆகும் செலவு என்ன? விழா மேடையில் அளிக்கப்படும் உறுதிமொழி இம்மூன்றினுள் ஒன்றன்று.

2024 செப்டம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனம் ஹவாயன் ஏர்லைன்ஸை வாங்கிய இணைப்பு நிறைவேறிற்று. ஹவாயன் 1929-இல் தோன்றிய பழங்கம்பெனி. அதன் மையம் ஹோனலூலு. தீவுகளுக்கிடையே புகைவண்டி இல்லை, சாலையும் இல்லை, மருத்துவமனைக்குச் செல்வோரும் விமானம் ஏறவேண்டும். ஆகையால் தீவுகளுக்கிடையிலான சேவை முதலியவற்றை ஆறு ஆண்டுகள் காக்கவேண்டும் என்று போக்குவரத்து இலாகா எழுத்து மூலம் நிபந்தனை விதித்தது. செயிண்ட் லூயிஸ் கற்ற பாடம் ஹோனலூலுவுக்குப் பயன்பட்டிருக்கின்றது என்று சொல்லலாம். ஆறு ஆண்டு என்பதோ ஓர் ஓடுபாதை கட்டி முடிக்கும் காலத்திலும் குறைவு. அதனுள் தன் மக்களின் தேவையை அளந்து, அதற்கேற்பவே கட்டி, கம்பெனி விலகினாலும் தாங்கும் வகையில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நகரமே நிலைபெறும். வழிப் பயணிகளை நம்பிக் கட்டிய கூடம் கம்பெனியின் தயவில் நிற்கும். ஊர்ப் பயணிகளை நம்பிக் கட்டியதே ஊரின் உடைமையாக நிற்கும்.